நானூற்றுத் தொண்ணூற்றொன்றாம் நாள்

பிப்ரவரி 1, செவ்வாய்

1.

இது ஜெமிமாவின் நோட்டு. நர்சிங் படிப்புக்காக வாங்கினது. முன்பக்கத்திலிருந்து பாதிவரை அவள் எழுதியிருக்கிறாள். நான் நோட்டைத் திருப்பிப் போட்டுக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அவள் எழுதின பக்கங்களை நான் புரட்டுவதில்லை.

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன். பிழை இருக்கும். இருந்தால் இருக்கட்டும், யாரும் படிக்கப் போவதில்லை. நான் எழுதுவது எண்ணுவதற்காக.

போன ஞாயிறு கோயிலில் உபதேசியார் தயாளன் அந்த இடத்தை வாசித்தார். சகோதரன் எனக்குத் தப்பு செய்தால் எத்தனை தடவை மன்னிப்பது, ஏழு தடவை போதுமா என்று சீஷன் கேட்கிறான். போதாது, எழுபதை ஏழால் பெருக்கிக்கொள் என்கிற மாதிரி ஆண்டவர் பதில் சொல்கிறார். வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கரியால் தரையில் பெருக்கிப் பார்த்தேன். நானூற்றுத் தொண்ணூறு வந்தது.

எனக்கு ஒரே ஒரு சகோதரன். தம்பி எபநேசர், எனக்கு எபி. எஸ்டேட் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். தொழிலாளர் லைன் வீட்டில் அடுத்த கதவு அவனுடையது. நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். ஜெமிமாவின் அப்பா போன பிறகு அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் அவன்தான். டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி, கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த அவளைப் பொள்ளாச்சியிலிருந்து ஏற்றிக்கொண்டு மலையேறினான். முப்பத்துமூன்றாம் வளைவில் வண்டி கவிழ்ந்தது. அவனுக்குத் தோள்பட்டை உடைந்தது. என் மகள் வரவில்லை.

பனியில் காட்டுமாடு குறுக்கே வந்தது என்று எஸ்டேட் மேனேஜர் தொரையிடம் சொன்னான். எல்லாரும் நம்பிவிட்டார்கள். அன்றைக்கு அவன் குடித்திருந்தான். எனக்குத் தெரியும். ஆழியாறு தாண்டும்போது ஜெமிமா போன் செய்து சொன்னாள். அதற்குள் லைன் கட்டாகிவிட்டது.

தினம் ஒரு தடவை மன்னிப்பேன். நானூற்றுத் தொண்ணூறும் முடிந்த மறுநாள் காலையில் தொரை ஆபீசுக்குப் போய் அவன் குடித்திருந்ததைச் சொல்வேன். வேலை போகட்டும். ஆண்டவர் கேட்டதைக் கொடுத்த பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது.

பிப்ரவரி 2, புதன்

2. காலையில் ஐந்தரைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமினான். சுவரைப் பார்த்து “மன்னிச்சேன்” என்றேன். வாயில் பச்சைத்தண்ணீர் குடித்த மாதிரிதான் இருந்தது.

பிப்ரவரி 9, புதன்

9. தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது ஒரு சந்தேகம். அவன் செய்தது ஒரே தப்புதானே, அதற்கு இத்தனை தடவை எப்படி?

இன்று விடியும்போது தெரிந்தது. கண் விழித்த உடனே ஒரு நொடி ஜெமிமா இருக்கிறாள். ஹாஸ்டலில் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். அடுத்த நொடி இல்லை. தினமும் காலையில் அவள் புதிதாகத்தான் சாகிறாள். அப்படியென்றால் தினமும் புதுத் தப்புதான். கணக்கு சரி.

பிப்ரவரி 20, ஞாயிறு

20. ஆராதனை முடிந்து உபதேசியாரிடம் சொன்னேன்.

“அய்யா, எண்ண ஆரம்பிச்சிருக்கேன். இன்னிக்கு இருபது.”

“என்னத்தம்மா?”

சொன்னேன். சின்ன வயசுக்காரர், சிரிப்பை அடக்கத் தெரியவில்லை.

“ஞானப்பூம்மா, அது நெசமான நம்பர் இல்ல. முடிவே இல்லாம மன்னிக்கணும்னு அர்த்தம். அந்தக் காலத்துல ஏழுன்னா முழுமைக்கு அடையாளம்.”

“முடிவே இல்லாமன்னு சொல்ல ஆண்டவருக்கு வார்த்தை கெடைக்கலியா? எதுக்கு நம்பரைச் சொன்னாரு?”

“நமக்குப் புரியறதுக்குத்தான்.”

“எடை மிஷின்ல முப்பத்திரெண்டு கிலோன்னு காட்டுது. சூப்பர்வைசர் அதைப் பாத்துட்டு, ‘நெறைய’ன்னு அர்த்தம்னு எழுதிக்கிட்டா நீங்க ஒத்துக்குவீங்களா?”

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். உபதேசியாரும் விடவில்லை.

“சரி, எழுத்துப்படிதான்னா, கை தப்பு செஞ்சா வெட்டிப் போடுன்னும் இருக்கே. கண்ணைப் பிடுங்கிப் போடுன்னும் இருக்கே. நம்ம சபையப் பாருங்க. எல்லாரும் ரெண்டு கை ரெண்டு கண்ணோடதான் வந்திருக்கோம்.”

இப்போது அவர் பக்கம் சிரித்தார்கள்.

“நாக்குக்கு என்னய்யா போட்டிருக்கு?” என்று கேட்டேன்.

“நாக்குக்கா?”

“சும்மாதான் கேட்டேன்.”

“சரி, எண்ணி முடிச்சிட்டு என்ன பண்ணப் போறீங்க?”

“பேச வேண்டிய எடத்துல பேசுவேன்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். முடிவில்லாததை யார் தொடங்குவார்கள்? இந்த நிரை முடிந்தால் வீடு என்று சொன்னால்தான் பறிக்கிறவளுக்குக் கை ஓடும். மலை முழுக்க உன் நிரைதான், போ என்று விட்டால் காலையிலேயே உட்கார்ந்துவிடுவேன். உபதேசியார் சொல்வது பெரிய வார்த்தை. பெரிய வார்த்தையை வைத்துக்கொண்டு காலை ஐந்தரை மணிக்கு நான் என்ன செய்வது?

மார்ச் 15, செவ்வாய்

43. பழைய காட்டில் கவாத்து நடக்கிறது. செடிகளை இடுப்புக்குக் கீழே வெட்டிவிட்டார்கள். மலை மொட்டையாகிவிட்டது. மத்தியானம் கவாத்துக் கத்தி ஒன்று கல்லின் மேல் கிடந்தது. எடுத்து வலது கையின் மணிக்கட்டில் வைத்துப் பார்த்தேன். வெயில் பட்டுக் கத்தி சூடாக இருந்தது. போனைப் பிடித்த கை இதுதான்.

வைத்துப் பார்த்ததோடு சரி. கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பப் பறிக்கப் போனேன். இருபத்தெட்டு கிலோ.

ஏப்ரல் 17, உயிர்த்த ஞாயிறு

76. எபி கோயிலுக்குள் வரவில்லை. வெளியே பிக்கப்பில் சாய்ந்து நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி லில்லி ஒரு தூக்கில் கறிக்குழம்பு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். நான் தொடவில்லை. நாய் தொட்டது.

ஜூலை 12, செவ்வாய்

162. நாற்பது நாளாக மழை. வெயில் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிற்று. முழங்கால்வரை மூக்குப்பொடி தேய்த்துக்கொண்டு போனாலும் அட்டை எப்படியோ ஏறிவிடுகிறது. பனி இறங்கினால் பக்கத்து நிரையில் நிற்கிறவள் பேசுவது மட்டும் கேட்கும், ஆள் தெரியாது. நானும் அவளுக்குக் குரல்தான்.

அந்தப் பனியில் ஜெமிமா நடந்து வந்தாள். தூக்கத்தில் இல்லை, கூடையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோதுதான். அவள் செருப்பில் சேறே இல்லை. “அம்மா, குழம்பு ஆறிடுச்சா?” என்று கேட்டாள். பதில் சொல்லத் திரும்பினேன். பனி விலகிச் செடி நின்றது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பழைய போனை எடுத்தேன். அன்றோடு மூடி வைத்தது. சார்ஜ் போட்டதும் உயிர் வந்தது. கடைசியாக வந்த அழைப்பு ஜெமிமாவுடையது. பக்கத்திலேயே நேரமும் காட்டியது. மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடி.

லைன் உடனே கட்டாகவில்லை.

செப்டம்பர் 9, வெள்ளி

219, 220, 221. மூன்று நாள் காய்ச்சல். எழுத முடியவில்லை. இருமல் மட்டும் கேட்டது. மூன்றுக்கும் சேர்த்து இன்று சொல்லிவிட்டேன். எடை போடாமல் விட்ட கொழுந்தை மறுநாள் சேர்த்துப் போடுவதில்லையா?

கதவைத் திறந்தால் வாசலில் விறகு பிளந்து அடுக்கியிருந்தது. எல்லாத் துண்டும் ஒரு பக்கமாகக் கோணலாகப் பிளந்திருந்தது. ஒரு தோளில் பலமில்லாதவன் கோடாலி போட்டால் அப்படித்தான் வரும்.

எரித்தேன். குளிராக இருந்தது.

டிசம்பர் 22, வியாழன்

325. லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போய் முப்பத்துமூன்றாம் வளைவில் இறங்கினேன். கண்டக்டர், “இங்க ஒண்ணும் இல்லியே பாட்டி” என்றான். எனக்கு நாற்பத்தெட்டுதான் ஆகிறது. சரி என்று இறங்கிக்கொண்டேன்.

புதிதாகத் தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். அதன்மேல் ஒரு டம்ளரில் டிசம்பர் பூ வைத்திருந்தது. ஈரம்கூடக் காயவில்லை. எனக்கு முன்னாலேயே ஒருவன் வந்து போயிருக்கிறான்.

உட்கார்ந்திருந்தேன். பனி கீழேயிருந்து ஏறி வந்து ரோட்டை மூடியது. எவ்வளவு நேரமோ தெரியாது. பனிக்குள் ஏதோ ஒன்று மூச்சு விட்டது. பெரிய மூச்சு. அப்புறம் நாலு வெள்ளைக் காலுறை மட்டும் தெரிந்தது. காட்டுமாட்டுக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருக்கும். உடம்பு இருக்கிற இடத்தில் பனி கறுப்பாக இருந்தது. ரோட்டைக் கடந்து கீழே இறங்கிப் போயிற்று. ஒரு கல்கூட உருளவில்லை.

இத்தனை நாளும் அந்த மாட்டை அவன் கட்டின கதை என்றுதான் நினைத்திருந்தேன். நான் பார்த்ததும் நிஜம்தானா என்று யாரிடம் கேட்பது?

ஜனவரி 15, ஞாயிறு

349. உபதேசியார் வழியில் பார்த்து, “எத்தனைம்மா?” என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 1, புதன்

366. இன்று அவன் இருமவில்லை. ஐந்தரை போய் ஆறும் ஆயிற்று. எழுந்து சுவரில் காதை வைத்தேன். லில்லி பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் இருமினான். அப்பாடா என்று இருந்தது.

இதை எழுதியிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 2, ஞாயிறு

426. எழுதி எழுதி ஜெமிமாவின் பக்கத்தை நெருங்கிவிட்டேன். தாளைத் தூக்கினால் அவள் பேனா அழுத்தினது அடுத்த தாளில் மேடாகத் தெரிகிறது. விரலால் தடவினால் எழுத்து தெரியாது, அழுத்தம் தெரியும்.

மே 20, சனி

474. குழாயடியில் லில்லி காத்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, இன்னும் பதினாறு நாள்தானாமே. உபதேசியார் சம்சாரம் சொன்னா.”

“ஆமா.”

“நோட்டுப் போட்டு எழுதறீங்களாமே, ரேஷன் கடை மாதிரி. முடிஞ்சதும் பேச வேண்டிய எடத்துல பேசுவீங்களாமே. எந்த எடம்னு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா சரி.”

“அவரு குடிச்சாரு மதினி. நான் இல்லேங்கல. அன்னியிலேருந்து ஒரு சொட்டு தொட்டிருப்பாரா? கேட்டுப் பாருங்க. நீங்க எந்திரிக்கிற சத்தம் கேட்டாத்தான் அவரு படுக்கையிலேயே இருமுவாரு. நான் இங்கதான் இருக்கேன் அக்கான்னு உங்களுக்குச் சொல்ற மாதிரி. சளியும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது.”

நான் குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தேன். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

“எங்க வீட்டுக்காரரு மட்டும்தான் தப்பு பண்ணினாரா? புள்ள ஸ்பீக்கர்லதானே போட்டுப் பேசுச்சு. பக்கத்துலதானே இவரு உக்காந்திருந்தாரு. பஸ்ஸுல வரட்டாம்மான்னு அது கேட்டுச்சே, நீங்க என்ன சொன்னீங்க? சொல்லுங்க மதினி. என்ன சொன்னீங்க?”

குடம் நிரம்பி வழிந்தது. இரண்டு பேரும் குழாயை மூடவில்லை.

லில்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “அய்யோ. யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தேனே” என்று அழுதுகொண்டே குடத்தை எடுக்காமல் போய்விட்டாள். நான்தான் அவள் குடத்தையும் கொண்டுபோய் வாசலில் வைத்தேன்.

மே 21, ஞாயிறு

475.

மே 22, திங்கள்

476.

மே 28, ஞாயிறு

482. எழுதிவிடுகிறேன்.

“அம்மா, உன் தம்பி குடிச்சிருக்காரும்மா. நீயே கேளு. நான் எறங்கி பஸ்ஸுல வரட்டா?” என்றாள் ஜெமிமா. எபி பக்கத்திலிருந்து, “பொய்க்கா, பொய்க்கா” என்று சிரித்தான். நாக்கு குழறியது. எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது.

நான் சொன்னேன்: “பஸ் எப்ப வர்றது, நீ எப்ப வந்து சேர்றது? மீன் கொழம்பு ஆறிடும். மாமாகூடயே வா. அவன் தூங்கிக்கிட்டே ஓட்டினாலும் இந்த ரோட்டுல கோடு மாறாது.”

எனக்கு அவனைப் பற்றி அத்தனை பெருமை. மூன்று பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பே ஒரு நிமிடம் இருக்கும். மூன்று நிமிடம் பன்னிரண்டு வினாடியில் அதுவும் சேர்த்திதான்.

இது அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் என் மாமியார் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினபோதும் தெரியும். அடக்கத்தன்று நான் மண்ணை அள்ளி அவன் முகத்தில் எறிந்தபோதும் தெரியும். வாய் திறக்கவில்லை. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நம்பர் போட்டு மன்னித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் நம்பர் இல்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஜூன் 4, ஞாயிறு

489. கோயில் பூட்டும்வரை நின்றேன்.

“அய்யா, நம்பருக்கு நம்பர்தான் அர்த்தம். இப்பவும் அதைத்தான் சொல்வேன். ஆனா ஒருத்தி எண்ணி மன்னிக்கிறா. ஒருத்தன் எண்ணாமலே மன்னிக்கிறான். ஆண்டவரு யாரைச் சொன்னாரு?”

உபதேசியார் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார்.

“எனக்குச் சொல்லிக் குடுத்ததைத்தான் உங்களுக்குச் சொன்னேன்மா. முடிவில்லாம மன்னிக்கணும்னு. அர்த்தம் சரிதான். ஆனா நான் எங்க அண்ணன்கிட்ட பேசி ஆறு வருஷம் ஆச்சு. முடிவில்லாமன்னு எல்லா ஊர்லயும் பிரசங்கம் பண்றேன். ஒண்ணுகூட ஆரம்பிக்கல.”

“அப்ப ஒண்ணுலேருந்து ஆரம்பிங்கய்யா.”

“நீங்க நானூத்தி எண்பத்தி ஒம்பது வந்துட்டீங்களே.”

“எனக்கு எதை மன்னிக்கிறேன்னே இப்பத்தான் தெரிஞ்சுது. ஆனா எண்ணாம இருந்திருந்தா இந்த எடத்துக்கு வந்திருக்க மாட்டேன். அது உறுதி.”

மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடையில் லைன்வரை வந்தார்.

ஜூன் 5, திங்கள்

490. இருமல் கேட்டது. சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. கதவைத் திறந்து வெளியே போனேன்.

எபி எழுந்து வந்து தூறலில் பிக்கப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். மழையில் வண்டி துடைக்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறேன். பதினேழு மாதம் கழித்து அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. என் தம்பி, எனக்கு ஏழு வயது இளையவன்.

“எபி.”

துணி கையிலிருந்து விழுந்தது.

“அக்கா.”

“போன்ல நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா?”

தலையாட்டினான்.

“ஏன் யார்ட்டயும் சொல்லல?”

“சொல்லி என்னக்கா ஆவப்போவுது? புள்ளயும் போயி, நீயும் போயிடுவ.”

“நான் உன் மூஞ்சியில மண்ணை எறிஞ்சேன்.”

“எறிஞ்ச.”

“என்னை நீ எத்தனை தடவை மன்னிச்ச?”

அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. மழைத்தண்ணீர் மூக்கிலிருந்து சொட்டச் சொட்ட என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். “என்னக்கா கேக்கற?” என்றான்.

வேறு கேட்டேன். “மாடு நெசமாவே வந்துச்சா?”

“தெரியலக்கா. நான் பாத்தேன். குடிச்சும் இருந்தேன். ரெண்டும் நெசம். எது முந்தி எது பிந்தின்னு தினமும் ஓட்டிப் பாக்கறேன், தெரிய மாட்டேங்குது.”

“நானும் பாத்தேன். அதே எடத்துல. குடிக்காமலே.”

அவன் வண்டி டயரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். நான் தலையைத் தொடவில்லை. பக்கத்தில் நின்றேன். இருவருக்கும் ஒரே மழைதான்.

“நாளைக்குத் தொரைகிட்ட போறேன்னு வார்த்தை சொல்லி வச்சிருக்கேன் எபி. எனக்கு நானே சொன்னது. போவாம இருக்க முடியாது.”

“நானும் வரேன்க்கா. என்னோடத நானே சொல்லிடறேன். நீ உன்னோடத மட்டும் சொல்லு.”

ஜூன் 6, செவ்வாய்

காலை மஸ்டரில் பேர் கூப்பிட்டு முடிந்ததும் இரண்டு பேரும் ஆபீஸ் வராந்தாவில் நின்றோம். தொரை உள்ளே கூப்பிட்டார். எபி வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னான். குடித்தது, எங்கே குடித்தது, எவ்வளவு என்று எல்லாம். மாட்டையும் விடவில்லை. தொரை சாவியை எடுத்து மேசை டிராயரில் போட்டார். இனி வண்டி கிடையாது, போலீசில் மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும், அது முடிகிறவரை களை வெட்டப் போகலாம் என்றார். லில்லிக்கு வேலை இருப்பதால் வீடு இருக்கும். எபி, “சரிங்க தொரை” என்றான். பெரிய சுமையை இறக்கி வைத்த ஆள் போல வலது தோளை ஒரு தடவை சுழற்றிக்கொண்டான். வலித்திருக்கும்.

அப்புறம் நான் சொன்னேன். மீன் குழம்பு உட்பட.

தொரை பேனாவை எடுத்தார். வைத்தார். “அம்மா, இதுக்கு நான் என்ன எழுதறது? என்ன பண்ணச் சொல்றீங்க?” என்றார்.

“ஒண்ணும் பண்ண வேணாங்க. ஒருத்தர் கேட்டா போதும்.”

“கேட்டுட்டேன்” என்றார்.

திரும்பி வரும்போது எபி முன்னால் நடந்தான், நான் பின்னால். பனியில் சில இடத்தில் அவன் முதுகு தெரியவில்லை. அப்போதெல்லாம் இருமினான்.

சாயந்திரம் நோட்டை எடுத்தேன். எனக்கும் ஜெமிமாவுக்கும் நடுவில் ஒரே ஒரு தாள்தான் எழுதாமல் இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டு, நோட்டைத் திருப்பி முதல் தடவையாக அவள் பக்கத்தைப் பார்த்தேன்.

கடைசியாக அவள் போட்டது ஒரு கை. தன் கையையே தாளில் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்திருக்கிறாள். பேனா விரலிடுக்கில் இறங்கி ஏறின கோடு அப்படியே இருக்கிறது. கீழே, ஒரு கையில் இருபத்தேழு எலும்புகள் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் கோடு இழுத்துப் பேர் போட ஆரம்பித்திருக்கிறாள். எட்டுக்குப் போட்டிருக்கிறாள். மீதி லீவு முடிந்து வந்து போட்டிருப்பாள்.

என் வலது கையை அதன்மேல் வைத்தேன். கொழுந்து பறித்துக் காய்த்த கை. விரல்கள் அவள் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் நிற்கின்றன.

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. கையை எடுக்காமலே, “இருக்கேன்டா” என்றேன்.